தபால் பெட்டிக்கு நட்ட கால்

மகள் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதங்களில் நாம் செய்த உருப்படியான வேலை ஒன்றே ஒன்றுதான். சாலையோரத்தில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் ஓர் இரும்புக் குழாயை நட்டோம். குழி தோண்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. குழாயை நட அரை மணி நேரம். ஆனால் அவ்வேலை முடிய மூன்று வாரங்கள் பிடித்தன. அந்த மூன்று வாரங்கள் எங்கே போயின என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் சென்றால் வரும் நாட்டுப்புறம். சாலையின் இருபுறமும் மக்காச்சோளக் கொல்லைகள். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டில் கேட்காது. இத்தகைய இடங்களில் தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. வீட்டுக்காரர்தாம் சாலையோரத்தில் ஒரு காலை நட்டு, அதன்மேல் பெட்டியைப் பொருத்தி வைக்க வேண்டும். தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமலே கையை நீட்டிப் பெட்டியைத் திறந்து, கடிதங்களை வைத்து மூடிவிட்டுப் போவார். பெட்டியின் பக்கத்தில் சிவப்பாக ஒரு சிறு கொடி உண்டு. வீட்டார் அனுப்ப வேண்டிய கடிதம் உள்ளே இருந்தால் அக்கொடியை நிமிர்த்தி வைப்பர். அவர் அதை எடுத்துச் செல்வார். நம் ஊரில் தபால் பெட்டி என்றால் அது சர்க்காருடைய சிவப்புப் பெட்டி. அங்கோ பெட்டியும் காலும் வீட்டாரின் செலவு. ஆயினும் தபால்தலை ஒட்டாத எதையும் அண்டை வீட்டார்கூட அதில் போடக்கூடாது என்பது சட்டம்.

கிராமத்து வீடுகளுக்குக் கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் இவ்வேற்பாடு 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கியதாம். அதற்கு முன்பு உழவர்கள் தம் கடிதத்தைத் தேடி நகரத்துக்கு வண்டி கட்டிப் போக வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பாகு டப்பாவையும், கொழுப்பு அடைத்த வாளியையும், சோப்புப் பெட்டியையும் கம்பத்தில் மாட்டி வைத்தனர். இன்று நாம் படங்களில் காணும், கூடாரம் போல் முதுகு வளைந்த தகரப் பெட்டியை வடிவமைத்தவர் ராய் ஜோரோல்மன் என்னும் தபால்துறைப் பொறியாளர். 1915இல் அது ஏற்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வடிவம் மாறவில்லை.

நாம் சென்ற இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகள் வீட்டுப் பெட்டி ஓடைக்குள் கிடந்தது. மரக்கால் முறிந்திருந்தது. பெட்டியின் நடுவில் தடியால் அடித்த பள்ளம். அதில் நம் மருமகப் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அப்பள்ளம் சரியாகப் பெயரின் மேல் விழுந்திருந்தது.

மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “அத்தா, பெயரைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள்” என்றாள். மருமகப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே தம் வேலைக் கொட்டகைக்குள் புகுந்து இரும்பைத் தேடத் தொடங்கினார். அவர் இயந்திரப் பொறியாளர். வெல்டிங் வேலையைத் தம் கையாலேயே செய்யக் கூடியவர். ஆறங்குல விட்டமுள்ள கனத்த குழாய் ஒன்று அகப்பட்டது. அதை மூன்றடி ஆழத்தில் இறக்கி, சுற்றிலும் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி, குழாய்க்குள்ளேயும் கான்கிரீட்டை நிரப்புவது திட்டம். “இனி அடிப்பவன் கைதான் உடையும், மாமா” என்றார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நாம் அவரைத் தடுக்கவில்லை. “ஆறங்குலம் போதுமா?” என்று கேட்டவர்கள் நாம்தாம். மகளின் முகத்தைப் பார்த்த பிறகு, அவ்விரும்பு எவ்வளவு கனமாக இருந்ததோ அவ்வளவுக்கு நமக்கு ஆறுதலாக இருந்தது. குழாயின் தலையில் தகடு வைத்துப் பற்றவைத்தபோது, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுத்தோம். இரண்டு பூச்சு பெயிண்டும் நாமே அடித்தோம். அழகாகத்தான் இருந்தது.

அந்நாட்டில் நினைத்தவுடன் மண்ணைத் தோண்டிவிட முடியாது. 811 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு இரண்டு வேலைநாட்களேனும் காத்திருக்க வேண்டும். நிலத்தின் கீழே எதெது போகிறது என்பதை ஆட்கள் வந்து தரையில் வண்ணம் தீட்டிக் காட்டுவர். சிவப்பு மின்கம்பி, மஞ்சள் எரிவாயு, நீலம் குடிநீர், ஆரஞ்சு தொலைபேசி, பச்சை கழிவுநீர். அவர்கள் நட்டுச் சென்ற சிறு கொடிகளைப் பேத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கோடு நாம் தோண்ட நினைத்த இடத்திலிருந்து ஆறடி தள்ளிப் போயிற்று.

குறித்த நாளில் கடப்பாரையோடு சாலையோரம் நின்றபோது எதிர்வீட்டு முதியவர் வந்தார். எண்பதைத் தொட்டவர், உழவர். புல்லின்மேல் கிடத்தியிருந்த நம் குழாயைக் காலால் உருட்டிப் பார்க்க முயன்றார். அது அசையவில்லை. அச்சாலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பெட்டிகள் அடிபட்டனவென்றும், அவற்றுள் தம்முடையதும் ஒன்று என்றும் அவர் சொன்ன பிறகே நமக்குத் தெரிந்தது. ஓடும் காரிலிருந்து கையை நீட்டிப் பந்துமட்டையால் பெட்டிகளை அடித்துச் செல்வது அங்கே இளைஞர்களின் பழைய விளையாட்டாம். மத்திய அரசின் சட்டப்படி அது குற்றம், இருந்தும் நிற்கவில்லை. “நானும் 1960ஆம் ஆண்டில் அடித்திருக்கிறேன்” என்றார் அவர், சற்றும் கூசாமல். ஐந்து வீட்டிலும் ஐந்து விதப் பெயர்கள். மகளிடம் இதைச் சொன்னோம். அவள் பாதிதான் நம்பினாள். அவளைக் குறை சொல்ல நம்மால் இயலவில்லை.

முதியவர் அதோடு நிற்கவில்லை. ஓஹையோவின் வேறொரு பகுதியில் நடந்த ஒன்றைச் சொன்னார். பின்னர் மருமகப் பிள்ளை அத்தீர்ப்பைத் தேடி எடுத்து நமக்குப் படித்துக் காட்டினார். அங்கும் ஒருவருடைய பெட்டி பலமுறை உடைபட்டது. அவர் எட்டங்குல இரும்புக் குழாயை மூன்றடி ஆழத்தில் இறக்கி வலுவாக நட்டுவிட்டார். 2016ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் வழுக்கிய வண்டியொன்று சாலையை விட்டு விலகி அதில் மோதிப் புரண்டது. ஓட்டியவர் உயிர் பிழைத்தார்; ஆனால் கைகால்கள் செயலிழந்தன. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021இல் தீர்ப்பு வந்தது: தூணை நட்டவர்மீது பொறுப்பில்லை. சாலையில் ஒழுங்காகச் செல்பவருக்கு அத்தூணால் இடையூறு இல்லை. சாலையை விட்டு விலகுபவருக்காக ஓரத்து நிலக்காரர் கடமைப்பட்டவர் அல்லர். தபால்துறை கூறும் அளவுகள் அறிவுரைகளே அன்றிக் கட்டளைகள் அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

“சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, மாமா” என்றார் மருமகப் பிள்ளை. அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் மத்ரஸாவில் பிக்ஹு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் கூரைத் தூம்பு பற்றி ஒரு சட்டம் உண்டு. மழைநீர் வடிவதற்காக வீட்டுத் தூம்பைத் தெருவின் பக்கம் நீட்டி வைக்கலாம். அதற்கு அனுமதி உண்டு. ஆனால் அத்தூம்பு விழுந்து ஒருவருக்குச் சேதம் நேர்ந்தால், வீட்டுக்காரர் ஈடு கொடுக்க வேண்டும் என்பதே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பிற்காலக் கருத்து. ஆண்டுதோறும் எவனாவது ஒரு மாணவன் எழுந்து, “அனுமதி உண்டென்றால் ஈடு எதற்கு, ஹஜ்ரத்?” என்று கேட்பான். பொதுவழியைப் பயன்படுத்தத் தரும் அனுமதி, அதன் முடிவு யாருக்கும் கேடாகாமல் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு தரப்பட்ட அனுமதி என்று நாமும் ஆண்டுதோறும் பதில் சொல்வோம். அவன் எழுதிக்கொள்வான். மணி அடிக்கும். நாம் தேநீர் குடிக்கப் போய்விடுவோம்.

இப்போது தூம்பு நம் கையில் இருந்தது. அந்நாட்டு நீதிபதிகளை எடைபோட நாம் யார்? வழக்கு அவர்களுடையது; சட்டம் அவர்களுடையது. ஆயினும், குழாயைப் பிடித்துக் கொடுத்த கை நம்முடையது. அதைக் கனமாக்கியது நம் கோபம். அடித்தவன்மேல் எழுந்த கோபத்துக்கு, ஒரு பனிநாளில் வழுக்கி வரும் வேறு எவனோ ஒருவன் விலை கொடுப்பான். பதினாறு வயதுப் பிள்ளைகள் வண்டி ஓட்டும் நாடு அது. பேத்தியின் பள்ளிப் பேருந்தும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

காலையில் தொழுகைக்குப் பின் மருமகப் பிள்ளையிடம் இதைச் சொன்னோம். அவர் எளிதில் விடவில்லை. “சாலைக்குள் ஓடுபவனைத் தூண் என்ன செய்யும்?” என்றார். நியாயமான கேள்வி. “மறுபடியும் உடைத்தால்?” என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. உடைத்தால் மறுபடியும் நட வேண்டியதுதான் என்று சொன்னோம். அது பதிலாகாது என்பது நமக்கே தெரியும். நெடுநேரம் கழித்து எழுந்து போனார். கொட்டகையில் அறுக்கும் ஒலி கேட்டது. நாம் பெயிண்ட் அடித்த குழாயின் தலைத்தகட்டை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

தபால்துறை எழுதி வைத்திருப்பதை அதன் பின்னரே ஒழுங்காகப் படித்தோம். நான்கங்குலச் சதுர மரக்கால், அல்லது இரண்டங்குல இரும்புக் குழாய். இருபத்துநான்கு அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. வண்டி மோதினால் கால் வளைய வேண்டும் அல்லது முறிய வேண்டும். ஆனால் பெட்டி மட்டும் காலை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. கழன்று பறந்தால் வண்டியின் முகப்புக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். ஆகவே மேலே போல்ட்டு வலுவாகவும், கீழே பிடி இளகியதாகவும் இருக்க வேண்டும். நாம் செய்ய இருந்தது இதற்கு நேர்மாறு.

பழைய வேலிக் குழாய் ஒன்று கிடைத்தது, இரண்டங்குலம். அதன்மேல் துத்தநாகப் பூச்சு இருந்தது. பற்றவைக்கும்போது அதிலிருந்து எழும் புகை நெஞ்சுக்குக் கேடு என்பதால், வெல்டிங் படும் இடங்களில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டார். உருண்டைக் குழாய் மண்ணுக்குள் திரும்பிக்கொள்ளும். பெட்டியின் வாய் சோளக் கொல்லையைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, புதையும் பகுதியில் மீன் செதிலைப் போல இரண்டு சிறு தகடுகளை ஒட்டினார். பெட்டி உட்கார மேலே ஒரு தட்டு. அதில் நான்கு துளைகள்.

அந்த ஊர் மண் களிமண். இரண்டு மண்வெட்டிகளை முகத்துக்கு முகம் வைத்துப் பிணைத்தாற்போன்ற ஒரு கருவியால் தோண்டினோம். அடியில் நான்கங்குலம் ஜல்லி போட்டோம், தண்ணீர் வடிந்து குழாய் துருவேறாமல் இருக்க. கான்கிரீட் போடவில்லை. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கடப்பாரையின் தலையால் குத்திக் குத்தி இறுக்கினோம். மருமகப் பிள்ளை ரசமட்டத்தைக் குழாயில் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு அதற்குக் குறுக்காக இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் நேராக நிற்பது மறுபக்கம் சாய்ந்திருக்கும். நம் கண்ணுக்கு நேராகத் தெரிந்த குழாய் மும்முறை ரசமட்டத்துக்குச் சாய்வாகத் தெரிந்தது. சாலை மட்டத்திலிருந்து பெட்டியின் அடி வரை 41 முதல் 45 அங்குலம் இருக்க வேண்டும். தபால்காரர் இருக்கையில் இருந்தபடி கை நீட்டும் உயரம் அது. நாம் 43இல் நிறுத்தினோம்.

அரபுக் கவிதை இலக்கணத்தில் ஓர் அடியைப் ‘பைத்’ என்பர். வீடு, கூடாரம் என்று பொருள். அசைகளில் ஒன்றுக்குக் கயிறு என்று பெயர், மற்றொன்றுக்கு முளைக்குச்சி. முளைக்குச்சியை அரபிகள் ‘வதத்’ என்பர். எத்தனையோ ஆண்டுகள் யாப்பு கற்பித்தும், ஒரு முளையை மண்ணில் இறக்கினால் கை எவ்வளவு அதிரும் என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு நாட்கள் எழுதுகோல் பிடிக்க முடியவில்லை.

பெட்டியில் இலக்கம் எழுதும் வேலை நமக்கு வந்தது. எழுத்தணிக் கலையில் சிறிது பழக்கம் உண்டு என்பதால். ஓரங்குலத்துக்குக் குறையாத உயரத்தில் நான்கு இலக்கங்கள். ஆங்கிலேயர் இவற்றை அரபு எண்கள் என்பர். அரபிகளோ தாம் எழுதுபவற்றை ஹிந்து எண்கள் என்பர். எந்த ஊர்க்காரரும் தம்முடையது என்று உரிமை கொண்டாடாத சரக்கு இவ்வொன்றுதான் போலும்! இலக்கத்தை முடித்துவிட்டுத் தூரிகையை மகளிடம் நீட்டி, “பெயர்?” என்று கேட்டோம். “இலக்கம் போதும், அத்தா” என்றாள். நாம் வற்புறுத்தவில்லை. பெயர் எழுதுமளவுக்கு இடத்தை மட்டும் விட்டு வைத்தோம்.

மறுநாள் தபால்காரர் வந்தார், ஓர் அம்மையார். கையை நீட்டினார், திறந்தார், இரண்டு விளம்பரத் தாள்களை வைத்தார், மூடினார், போனார். புதிய காலை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஜன்னலருகே காத்திருந்த நமக்குச் சற்று ஏமாற்றம்தான்.

நாம் ஊர் திரும்பி நான்கு மாதங்கள் கழித்து, 2024 ஜனவரியில், ஓர் இரவு மகள் பேசினாள். பனிவாரும் வண்டி பனியைக் குவியலாகத் தள்ளிச் சென்றதில் கால் வளைந்து, பெட்டி ஓடையைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கிறதாம். “உடைந்துவிட்டதா?” என்று பதறினோம்.

“இல்லை, அத்தா. பெட்டி காலோடு அப்படியே இருக்கிறது. அவர் மண் இளகியதும் நிமிர்த்திவிடலாம் என்கிறார். ஒரு போல்ட்டு மட்டும் வாங்க வேண்டும்.” சற்று நிறுத்திவிட்டு, “பெட்டியைக் கழற்றும்போது நான் பெயரையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தூரிகையை நீங்கள் எங்கே வைத்தீர்கள்?” என்று கேட்டாள்.

கொட்டகையில், அறுத்துப் போட்ட அந்த ஆறங்குலக் குழாய்க்குள் செருகி வைத்திருப்பதாகச் சொன்னோம்.