துரு பிடித்த துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

மக்களே, முதல்லயே ஒரு டிஸ்கி: எனக்குச் சுடத் தெரியாது. பொருட்காட்சியில பலூன் சுட்டதோட சரி. அதுலயும் பாதி பலூன் உயிரோட தப்பிச்சிடுச்சு :-)

அப்புறம் எதுக்குடா உனக்கு இந்த வேலைன்னு கேட்கிறீங்களா? எல்லாம் கென்னத் ஆண்டர்சன் பண்ணினது. அவரோட வேட்டைக் கதைகள்ல ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம்னு நமக்குத் தெரிஞ்ச ஊர்ப் பேரா வரும். அந்தக் காடுகள்ல அவர் தூக்கிட்டு அலைஞ்சது ஒரு 405 வின்செஸ்டர். அது என்ன வகைத் துப்பாக்கின்னு தேடப் போனேன். அமெரிக்காவுல இந்த மாதிரி பழைய லீவர் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்களைச் சேகரிக்கிறதுக்குன்னே ஒரு பெரிய கூட்டம் இருக்கறது அப்பதான் தெரிஞ்சுது. ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு துப்பாக்கியில ஒண்ணுக்கு நாலு மடங்கு விலை கொடுப்பாங்க. இன்னொண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ஏன்?

முதல்ல, லீவர் ஆக்‌ஷன்னா என்னன்னு பார்த்துடுவோம். கௌபாய் படம் பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விசைக்குக் கீழே கை நுழையற மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதை முன்னால தள்ளினா சுட்ட தோட்டாவோட கூடு வெளியே தெறிக்கும். பின்னால இழுத்தா அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். தோளை விட்டு எடுக்காமலே அடுத்தடுத்து சுடலாம். தோட்டாக்கள் குழலுக்கு அடியில இருக்கிற இன்னொரு குழாயில ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா நிற்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கூர்முனைத் தோட்டா போட்டா, அந்த முனை முன்னால இருக்கிற தோட்டாவோட பின்பக்கத்தைக் குத்தும். சுடும்போது வர்ற அதிர்ச்சியில அது உள்ளேயே வெடிச்சிடலாம். அதனால முனை தட்டையான தோட்டாதான் போடணும். இதுக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி கண்டுபிடிச்சாங்க. ஜான் பிரவுனிங் தன்னோட 1895 மாடல்ல குழாயை எடுத்துட்டு, அடியில ஒரு பெட்டி வச்சார். ஆண்டர்சன் கையில இருந்தது இந்த வகைதான். 1909-ல அமெரிக்க முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனப்பவும் இதே 405-ஐ எடுத்துட்டுப் போனார். ஜமைக்காவுல பிறந்த ஆர்தர் சாவேஜ் வேற மாதிரி யோசிச்சார். அவரோட 99 மாடல்ல தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையைச் சுத்தி உட்காரும். இன்னும் எத்தனை பாக்கின்னு காட்ட பக்கவாட்டுல ஒரு குட்டி ஜன்னல் வேற! இந்த மாதிரி மூளைக்கு வேலை கொடுக்கிற இயந்திரம்னாலே சிலருக்கு ஆசை வரும். அது எனக்கும் புரியுது.

ஆனா விலையைத் தீர்மானிக்கிறது இது மட்டும் இல்லை. நான் படிச்ச வரைக்கும் சேகரிப்பாளர்கள் பார்க்கிற விஷயங்கள் இவை:

1) யாரும் கைவைக்காதது. பழைய எஃகுக்கு ரசாயன முறையில ஒரு கருநீல நிறம் ஏத்துவாங்க. நூறு வருஷத்துல அது தேய்ஞ்சு பழுப்பா மாறிடும். நம்மள மாதிரி ஆளுங்க என்ன பண்ணுவோம்? நல்லா பாலிஷ் போட்டு, புது நிறம் ஏத்தி, மரக்கட்டைக்கு வார்னிஷ் அடிச்சு பளபளன்னு ஆக்கிடுவோம். அங்கதான் விலை பாதாளத்துக்குப் போகும். பாலிஷ் போட்டா குழல் மேல இருக்கிற எழுத்தோட ஓரமெல்லாம் மழுங்கிடும். ஒரு தடவை அழிஞ்ச தொழிற்சாலை நிறம் திரும்ப வராது. தேய்ஞ்சே இருந்தாலும் அது 'அசல் தேய்மானமா' இருக்கணும்.

2) எந்த வருஷம். வின்செஸ்டர் 1894 மாடல் மொத்தம் 70 லட்சத்துக்கு மேல வந்திருக்கு. அபூர்வமே இல்லை. ஆனாலும் '64-க்கு முன்னாடி'ன்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க. 1964-ல செலவைக் குறைக்கிறதுக்காக கம்பெனி தயாரிப்பு முறையை மாத்திச்சு. கடைஞ்செடுத்த எஃகுக்குப் பதிலா அச்சுல அழுத்தின தகடு, திடமான ஊசிக்குப் பதிலா உள்ளே வெற்றான ஊசின்னு வர ஆரம்பிச்சுது. வாங்கினவங்க கோபம் இன்னும் தீரலை. மார்லின் கம்பெனி கதையும் இதுதான். கம்பெனி கைமாறினதுக்கு முன்னாடி வந்த குழல்கள்ல 'ஜேஎம்' முத்திரை இருக்கும். நிறுவனர் ஜான் மார்லினோட முதலெழுத்துக்கள். அந்த ரெண்டு எழுத்தைத் தேடித்தான் அலையறாங்க.

3) எத்தனை இருக்கு. 1870-கள்ல வின்செஸ்டர் ஒரு வேலை பண்ணிச்சு. சோதனையில ரொம்பத் துல்லியமா சுடற குழல்களைத் தனியா எடுத்து, அலங்காரம் பண்ணி, 'ஆயிரத்தில் ஒன்று'ன்னு பொறிச்சு, நூறு டாலருக்கு வித்தது. (எம்ஜிஆர் படத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை!) 1873 மாடல்ல இப்படி வந்தது 130 சொச்சம்தான். 1950-ல ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிச்ச 'வின்செஸ்டர் 73' படத்துல இந்தத் துப்பாக்கிதான் கதையே. படக் கம்பெனி விளம்பரத்துக்காக, மிச்சம் இருக்கிற 'ஆயிரத்தில் ஒன்று'கள் எங்கேன்னு தேடச் சொல்லி அறிவிப்பு கொடுத்துச்சு. பரண்ல கிடந்ததெல்லாம் வெளியே வந்துடுச்சு.

4) காகிதம். வயோமிங் மாநிலத்துல கோடின்னு ஒரு ஊர். அங்க இருக்கிற துப்பாக்கி அருங்காட்சியகத்துல வின்செஸ்டர் தொழிற்சாலையோட பழைய கையெழுத்துப் பேரேடுகள் இருக்கு. வரிசை எண்ணைக் கொடுத்தா, அது உருண்டைக் குழலா எட்டுப்பட்டைக் குழலா, கிடங்கை விட்டு என்னைக்குப் போச்சுன்னு கடிதம் தருவாங்க. பேரேடு உருண்டைன்னு சொல்லி, கையில இருக்கிறது எட்டுப்பட்டையா இருந்தா, நடுவுல யாரோ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். எல்லா எண்களுக்கும் பேரேடு மிஞ்சலை. இருக்கிற எண்ணுக்கு மவுசு தனி.

இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணுறது ஒண்ணுதான். இவங்க வாங்கறது ஆயுதம் இல்லை, சாட்சி. சாட்சி திருத்தப்படாம இருக்கணும்னுதான் இவ்வளவு பிடிவாதம். வெறும் சுடறதுக்குன்னா புதுத் துப்பாக்கி கடையில கிடைக்குதே!

ஆனா எதுக்குச் சாட்சி? இங்கதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. 2016-ல ஒரு வின்செஸ்டர் 1886 ஏலத்துல 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போச்சு. வரிசை எண் 1. அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திப் பிடிக்கப் போன கேப்டன் லாட்டனுக்கு அவரோட நண்பர் கொடுத்த பரிசு அது. எண்ணுக்கும் அசல்தன்மைக்கும் ஒரு விலை, சரி. ஆனா அந்தத் தொகையில ஒரு ஜனம் தோத்துப்போன கதையும் சேர்ந்திருக்கு. 'மேற்கை வென்ற துப்பாக்கி'ன்னு விளம்பரம் பண்ணினாங்களே, அந்த மேற்குல ஏற்கெனவே ஆள் இருந்தாங்க. அவங்க கையிலயும் லீவர் துப்பாக்கி இருந்துச்சு. 1876-ல லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில கஸ்டரோட படை வச்சிருந்தது ஒத்தைத் தோட்டாத் துப்பாக்கி. லகோட்டா, செயேன் வீரர்கள்ல பலர் கையில ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்துச்சு. சாட்சின்னு சொன்னா ரெண்டு பக்கமும் கேட்கணும் இல்லையா?

எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்சது ஏலத்துக்கே போகாத ஒரு துப்பாக்கி. 2014 நவம்பர்ல நெவாடாவுல, கிரேட் பேசின் தேசியப் பூங்காவுல, தொல்லியல் ஆய்வாளர்கள் ஒரு ஜூனிபர் மரத்துல சாய்ச்சு வச்ச வின்செஸ்டர் 1873-ஐப் பார்த்தாங்க. குழல் முழுக்க துரு, கட்டை வெளுத்து வெடிச்சு, அடிப்பகுதி மண்ணுல புதைஞ்சு கிடந்துச்சு. கோடிக்கு எடுத்துட்டுப் போய், உள்ளே தோட்டா இருக்கான்னு பார்க்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்க. (நிஜமாத்தான்!) கட்டைக்குள்ள இருந்த சின்ன அறையில ஒரே ஒரு தோட்டா. 1882-ல செஞ்சதுன்னு பேரேடு சொல்லிச்சு. அந்த வருஷம் மட்டும் அந்த மாடல் 25,000-க்கு மேல வந்திருக்கு, விலை 25 டாலர். அதாவது ரொம்பச் சாதாரணமான துப்பாக்கி.

அருங்காட்சியகம் அதைப் புதுசாக்கலை. மேற்கொண்டு உதிராம மட்டும் பார்த்துகிட்டு, துருவை அப்படியே விட்டுட்டாங்க. யார் வாங்கினதுன்னு பேரேட்டுல இல்லை. ஒருத்தன் அதை மரத்துல சாய்ச்சு வச்சுட்டு எங்கேயோ போயிருக்கான். திரும்பி வரலை. அவன் தொலைச்சானா, வேணாம்னு விட்டானா, செத்தே போனானா?

அந்தத் துருவைச் சுரண்டியிருந்தா, இந்தக் கேள்விகூட மிஞ்சியிருக்காது.