கடலுக்குப் போவோமா?

புக்கிட் பெருவாங்கிலிருந்து கடல் வெகு தூரமில்லை. ஆயினும் என் வகுப்பில் கடலில் கால் நனைக்காத பிள்ளைகள் உண்டு. வரும் பள்ளி விடுமுறையில் அழைத்துச் செல்லுங்களேன்.

மஸ்ஜித் தானா பக்கமுள்ள தஞ்சோங் பிடாராவில் மணற்கரையும் மர நிழலும் உண்டு. அதற்கும் வடக்கே தஞ்சோங் துவான்; போர்ட்டிக்சனை அடுத்திருந்தாலும் மலாக்காவைச் சேர்ந்ததே. அங்குள்ள கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. மார்ச்சில் போனால், சுமத்ராவிலிருந்து நீரிணை கடந்து வரும் பருந்துகளையும் காணலாம்.

கட்டுச்சோறு கொண்டு போனால் செலவு மிச்சம். நீர் ஏறும் நேரத்தை முன்பே கேட்டறியுங்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கட்டும்.

என் சிறு வயதில் தோட்டத்திலிருந்து கடலுக்குப் போன லாரி, ஒரு பிள்ளை குறைந்து திரும்பியது. போன அத்தனை பேரும் வீடு திரும்புவதே உல்லாசப் பயணம்.