கரிச்சான்

செவிவழிக் கல்வி நம் தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. லயத்துத் திண்ணையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, நாடகமும் செய்தியும் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் வலையொலி கேட்கின்றனர். பறவைகளைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் பேசுகின்ற வலையொலிகளும் உண்டு என்று, பீடோங் கடையொன்றில் தேநீர் அருந்துகையில் என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். படம் இல்லாமல் பறவையைக் காட்டுவது எங்ஙனம் என்று நான் வியந்தேன். அப்பணியை ஒருவர் எண்பதாண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1941 முதல் 1985 வரை அவர் வானொலியில் அவ்வப்போது பறவைகளைப் பற்றி உரையாற்றினார். காற்றோடு கலந்து மறைந்திருக்க வேண்டிய அவ்வுரைகளை, அவரிடம் பயின்ற தாரா காந்தி அம்மையார் தேடித் தொகுத்து 2021இல் ஆங்கில நூலாக்கினார். மாணவர் ஆசிரியருக்குச் செய்யக்கூடிய கைம்மாறுகளுள் இதனினும் பெரிது எது என்று எனக்குத் தோன்றவில்லை.

எனினும் என் மனம் ஒட்டிக்கொண்டது சாலிம் அலியிடத்து அன்று. அவருக்குப் பின்னால் நின்ற மில்லார்டு என்னும் ஆங்கிலேயரிடத்து. சாலிம் அலி பத்து வயதளவில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இஃது என்ன பறவை என்று மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் கொடுத்த கடிதத்துடன் சிறுவன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றான். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு அப்பறவையின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பேழைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். நாற்பத்து நான்காண்டு வானொலிக் குரல் அந்தப் பேழையிலிருந்து புறப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது.

செமிலிங்கில் நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், ஒரு சிறுவன் தன் கட்டுரையேட்டில், விடியலில் கரிச்சான் கத்தியதும் பாட்டி பால்வெட்டுக்குப் புறப்படுவார் என்று எழுதியிருந்தான். கொச்சைச் சொல் என்றெண்ணிச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ‘குருவி’ என்று எழுதினேன்.

“ஐயா, அது குருவி இல்லை. வாலில் இரண்டு துடுப்புத் தொங்கும்,” என்றான் அவன்.

“உட்கார்,” என்றேன்.

ஆசிரியர் பயிற்சியில் எனக்குப் பிழைதிருத்தக் கற்றுக்கொடுத்தார்கள். பாட்டியிடம் போய்க் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து, ஜெராய் மலையடிவாரத்தில் ஒரு வைகறையில் அப்பறவையை நானே கண்டேன். கன்னங்கரிய உடல்; வால் நுனியில் கம்பிபோல் இரண்டு இறகுகள்; அவற்றின் முனையில் துடுப்பு. துடுப்புவால் கரிச்சான்! அகராதியிலும் சொல் இருந்தது. பிற பறவைகளின் குரலை அவ்வாறே ஒலித்துக் காட்டும் பறவை அது. இலங்கைச் சிங்கராஜக் காட்டில் அதன் நெருங்கிய உறவுப் பறவையை ஆராய்ந்த எபன் குடேலும் சரத் கொட்டகமவும், அது மற்றப் பறவைகளின் அபாயக் குரலை ஆபத்து வேளையில் இடமறிந்து எழுப்புவதைக் கண்டறிந்தனர்.

தேநீர்க் கடையில் வலையொலியைப் பற்றிச் சொன்னவன் அந்தச் சிறுவன்தான். அடுத்த முறை சந்தித்தபோது நான் அடித்த சொல்லை நினைவூட்டி, பிழை என்னுடையது என்றேன். அவன் சிரித்தான். பாட்டி இறந்து நெடுங்காலமாயிற்றாம்.

“பாட்டிக்கு இன்னும் எத்தனையோ பறவைகளின் பெயர் தெரியும், ஐயா. அதற்குப் பிறகு நான் எதையும் ஏட்டில் எழுதவில்லை,” என்றான்.

நான்கு பெயர்கள் மட்டும் அவனுக்கு நினைவிருந்தன. கடைச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். மூன்றை அடையாளம் கண்டுவிட்டேன். நான்காவது எந்தப் பறவைக்குரியது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.