வெள்ளைத்துரு

"கார்பன்ல ஏது துரு, அங்கிள்? நீங்க இரும்புக் காலத்து ஆளு."

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் சைக்கிளோடு வந்த ஒரு தம்பி சொன்னது இது. கேலி இல்லை, அப்படித்தான் நம்புகிறார். கைப்பேசியில் நாலு படம் பார்த்து, பேரம் பேசி, காசையும் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்து "பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். 1990களின் தொடக்கத்தில் வந்த ஜயன்ட் கேடெக்ஸ் மலைச் சைக்கிள் அது. ஐம்பது காசு நாணயத்தை எடுத்து டவுன்டியூபை மேலிருந்து கீழ்வரை தட்டிக் காட்டினார். எல்லா இடத்திலும் ஒரே சத்தம், அதனால் நல்ல ஃபிரேம் என்று தீர்ப்பும் அவரே சொல்லிவிட்டார். அந்த ஃபிரேம் கெட்டுப்போயிருந்த இடத்தில் அவருடைய நாணயம் படவே இல்லை.

இந்த ஆண்டோடு என் சைக்கிள் பட்டறையை விடப்போகிறேன். ஜார்ஜ்டவுனில் பழைய சைக்கிள் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் சந்தையில் 26 அங்குலச் சக்கரத்தோடு ஒன்று நின்றால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். டியோர் எக்ஸ்டி கியர், கட்டைவிரல் ஷிஃப்டர், பழைய ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் எல்லாவற்றுக்கும் விலை சொல்லத் தெரிகிறது. ஃபிரேமின் இணைப்பைப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துக் கார்பன் சைக்கிள் இப்போதைய சைக்கிள் மாதிரி ஒரே வார்ப்பு அல்ல. கேடெக்ஸிலும் டிரெக் 8700இலும் கார்பன் குழாய்களை அலுமினிய லக்கில், அதாவது குழாய்கள் வந்து சேரும் மூட்டில், எபாக்சி பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். ஸ்பெஷலைஸ்டு தன் விலை உயர்ந்த எபிக் அல்டிமேட்டில் டைட்டானியம் லக் வைத்தது. டிரெக் 1992இல் ஓசிஎல்வி என்ற கார்பன் முறையைக் கொண்டுவந்து, பிறகு 9800 மலைச் சைக்கிளில் லக்கையே கார்பனில் செய்தது. அதிலும் பி.பி. உறை, அதாவது பெடல் அச்சு சுழலும் கூடு, அலுமினியம்தான். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் கடத்தும். நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம்தான், கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. டைட்டானியத்துக்கும் கார்பனுக்கும் இந்தச் சண்டை வருவதில்லை. விமானத்தில் கார்பன் பாகங்களுக்கு டைட்டானியம் திருகு போடுவதும், அலுமினியம் படும் இடத்தில் நடுவே கண்ணாடியிழை வைப்பதும் இதனால்தான். சைக்கிளில் அந்தத் தடுப்பு வேலை பெரும்பாலும் பசையின் கையில்தான். பசை மெலிந்த இடத்தில் தடுப்பும் மெலிந்துபோகும்.

கரைகிற அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும், அதுதான் வெள்ளைத்துரு. அந்தப் பொடிக்குப் பழைய அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். அது உள்ளேயிருந்து பசையை நெம்பும். குழாய் முழுதாகத்தான் இருக்கும், லக்கும் முழுதாகத்தான் இருக்கும், இரண்டுக்கும் நடுவிலிருந்த பிடிப்பு மட்டும் போய்விட்டிருக்கும். நம் தீவில் எந்தப் பக்கம் ஓட்டினாலும் கடல் காற்றுதான். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதையில் கொடிமலை ஏறுகிறவருடைய வியர்வை டாப்டியூபில் சொட்டி, சீட் லக்கில் தேங்கி, அப்படியே காய்கிறது. உலர்ந்த ஊரில் நெடுநாள் ஓடும் ஃபிரேம் இங்கே அவ்வளவு தாங்காது.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தவர் சைக்கிள்காரர் அல்ல. பட்டர்வொர்த் விமானத்தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருந்த காலத்தில் பராமரிப்புக் கூடத்தில் கையாளாக வேலை செய்தவர், அம்மா வழியில் எனக்கு மாமா முறை. 1988இல் தளம் மலேசியர் கைக்கு வந்த பிறகு ஓய்வுபெற்று, பொழுதுபோகாமல் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். மிராஜ் போர் விமானங்களைக் கழுவிக் கழுவிக் கை தேய்ந்த மனிதர். தளம் கடலோரம், விமானத்தின் தோல் அலுமினியம், திருகுகள் எஃகு. அவர் வாழ்க்கையே வெள்ளைத்துருவைத் தேடுவதில்தான் போனது. கார்பன் சைக்கிளை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் குழாயை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக லக்கின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"ரெண்டு ஜாதி சேர்ற எடத்தப் பாருடா. மத்ததெல்லாம் அப்புறம்" என்பார்.

அவர் முறை இது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு காயவிடவேண்டும். ஈரமாக இருக்கும்போது எல்லா ஃபிரேமும் அழகாகத்தான் இருக்கும். பிறகு டார்ச்சைக் குழாயோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, லக்கின் விளிம்பைச் சுற்றி வரவேண்டும். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் பெயின்ட்டின் கொப்புளம் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் கடுகளவு கொப்புளத்துக்கும் நிழல் விழும். கொப்புளத்தை ஊசியால் குத்தவேண்டும். உள்ளே காற்று மட்டும் இருந்தால் அது பெயின்ட்காரர் செய்த குறை. வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

அதோடு அவர் விடமாட்டார். பொடி வந்த லக் எல்லாம் பிடி விட்டதல்ல, விளிம்பில் மட்டும் அரித்திருக்கலாம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அவர் விமானத்தளத்துப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கே முறுக்கி முடித்த திருகின் தலையிலிருந்து பக்கத்துத் தகடுவரை ஒரு சிறு வர்ணக்கோடு போடுவார்களாம். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், வேறு கருவி வேண்டாம். மாமா மாமியின் நகப்பூச்சை எடுத்துவந்து லக்குக்கும் குழாய்க்கும் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கோடு இழுத்தார். காய்ந்த நகப்பூச்சு நொறுங்குகிற சாமான், வளைந்து கொடுக்காது. ஒரு வாரம் சமதரையில் மெதுவாக ஓட்டிவிட்டு வரச்சொல்வார். கோடு முழுதாக இருந்தால் இணைப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் குழாய் லக்குக்குள் அசைகிறது, அந்த ஃபிரேம் அதோடு சரி. இன்றுவரை நான் செய்வது இதையேதான். கையில் அசைவதுபோலத் தெரிந்தாலோ, முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும்போது ஹெட்டியூப் லக்கில் சத்தம் வந்தாலோ, கோடு போட்டுப் பார்க்கவும் ஓட்டத் தரமாட்டேன்.

சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதிலும் அவசரம் கூடாது. முனகுவது பி.பி. கப்பாக இருக்கும், சீட்போஸ்ட்டாக இருக்கும், ஸ்டெம்மாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மசகு வைத்துப் பூட்டி, அதன்பிறகும் முனகினால்தான் இணைப்பைச் சந்தேகப்படலாம்.

நாணயத்தைத் தட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பானை வாங்குகிறவர் தட்டித்தான் வாங்குகிறார். கார்பன் அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் மொத்தென்று மாறும், அது உண்மை. ஆனால் லக்குக்குப் பக்கத்தில் உள்ளே அலுமினியம் இருப்பதால் சத்தம் எப்படியும் மாறும். இடது செயின்ஸ்டேயைத் தட்டி வலதோடு ஒப்பிடவேண்டும், ஒரே குழாயை நீளவாக்கில் தட்டி ஒப்பிடக்கூடாது. குழாயில் பார்க்கவேண்டியது வேறு: செயின் நழுவிச் செருகி வலது செயின்ஸ்டேயைக் கடித்த தடம், ஹெட்டியூபில் கேபிள் அறுத்த பள்ளம், டவுன்டியூபின் அடியில் கல்லடி. பஞ்சை எடுத்து மெல்லத் தடவுங்கள், அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கோடு தெரிந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயின்ட் மட்டும் வெடித்திருந்தால் அசையாது. கார்பன் வெடித்திருந்தால் கோட்டின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும்.

இப்போது சீட்போஸ்ட். கார்பன் குழாய்க்குள் அலுமினிய சீட்போஸ்ட் பல வருடம் அசையாமல் நின்றிருந்தால் அதே வெள்ளைத்துரு அங்கேயும் இறுக்கிவிடும். இளைஞர்கள் சூட்டுத்துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். இரும்பு ஃபிரேமில் சரிப்பட்ட வழக்கம் இங்கே எதிர்மாறாக வேலை செய்யும். சூட்டில் அலுமினியம் நன்றாக விரியும், கார்பன் அநேகமாக விரியாது. அதனால் போஸ்ட் இன்னும் இறுகும், மேலே சூடு ஏறி எபாக்சியும் இளகும். செய்யவேண்டியது குளிர்விப்பது. உலர்பனியோ, கிடைக்காவிட்டால் மீன் சந்தையில் விற்கிற உடைத்த பனிக்கட்டியில் உப்புப் போட்டதோ, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போஸ்ட்டின் குழிக்குள் இறக்கவேண்டும். உப்புநீர் ஃபிரேமில் ஒழுகவிடக்கூடாது. அலுமினியம் சுருங்கும். முதல் நாள் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி, மறுநாள் பனிக்கட்டி வைத்து, சேணத்தைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். ஒரு நாளில் வராது. ஒரு நாளில் வரவேண்டும் என்று நினைக்கிறவர் குழாயைப் பிளந்துவிடுவார். அப்படிப் பிளந்தவை என் பட்டறைப் பின்சுவரில் சாய்ந்து நிற்கின்றன.

அந்தக் கேடெக்ஸுக்கு வருகிறேன். பி.பி. லக்கில் கொப்புளம், குத்தினால் பொடி, போட்ட மூன்று கோட்டில் இரண்டு உடைந்தது. இதில் ஏறாதீர்கள், மலையிறக்கத்தில் பிரிந்தால் பல்லும் தோள்பட்டையும் போகும் என்று சொன்னேன். எண்ணூறு வெள்ளி கொடுத்துவிட்டேனே என்றார். கொஞ்ச நாளில் வேறொருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார், வாங்கலாமா என்று கேட்டு. அதே ஃபிரேம், அதே கீறல், பி.பி. லக்கைச் சுற்றி மட்டும் புதிதாக ஒரு ஸ்டிக்கர். அந்தத் தம்பி விற்றாரா, கைமாறிப்போனதா என்று நான் விசாரிக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய கைக்கு, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. விரிசலுக்குள் சூப்பர்க்ளூ விடுகிறார்கள், ஃபிரேம் முழுக்க வினைல் தாள் சுற்றுகிறார்கள், ஸ்ப்ரே அடித்துப் ‘புதுப்பித்தது’ என்று எழுதுகிறார்கள். முன்பு பழைய சாமான் விற்கிற கிழவர்கள்கூட, "இது பாலிக் பூலாவ் ஏறாது, பசாருக்குப் போகத்தான்" என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் காசு வாங்குவார்கள்.

வாங்கப்போகிறவர்கள் விற்பவரிடம் படம் கேட்கும்போது சைக்கிளின் பக்கவாட்டு அழகைக் கேட்காதீர்கள். சீட்போஸ்ட்டை முழுக்க வெளியே எடுத்து வைத்த படம் கேளுங்கள். பி.பி. லக்கையும் ஹெட்டியூப் லக்கையும் ஸ்டிக்கர் இல்லாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், பாகங்களுக்கு மட்டும் விலை பேசுங்கள். ஆண்டு முடியும்வரை பட்டறை திறந்திருக்கும். கொண்டுவருகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் கொண்டுவாருங்கள், கழுவிக் காயவைத்து.