வண்டிக்கடை அத்தைக்கு, சைகோனிலிருந்து

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

போனில் பேசும்போது, "அந்த ஊரில் நீ என்னதான் சாப்பிடுகிறாய்?" என்று கேட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் பதில் சொல்ல முடியவில்லை. நான் சொல்ல நினைத்ததும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம். வியாபாரம் முடித்து, மத்தியானம் சற்றுச் சாய்ந்திருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

காலையில் நான் சாப்பிடுவது பெரும்பாலும் பான் மீ. ஒரு சாண் நீளத்துக்கு ரொட்டி. அதை நெடுக்கே கீறி உள்ளே சாமான் வைத்துத் தருவார்கள். நான் குடியிருக்கும் பான் கோ பகுதி முழுக்கச் சந்துகள். எங்கள் சந்து முனையில் ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. கீழே எவர்சில்வர் தகடு, மேலே கண்ணாடிப் பெட்டி, கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் என்னென்ன கிடைக்கும் என்ற விவரம். கடை போடுகிற அம்மாவுக்கு உங்கள் வயதுதான் இருக்கும். அந்த வயதுப் பெண்களை இங்கே அத்தை முறை வைத்துக் கூப்பிடுவது உண்டு; நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆறு மணிக்கு வண்டி வந்தால் ஒன்பதுக்குள் எல்லாம் காலி. வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவதுகூடக் கிடையாது. விரலைக் காட்டுவார்கள், அரை நிமிஷத்தில் பொட்டலம் கைக்கு வந்துவிடும்.

விலை 15,000 டாங்கிலிருந்து 25,000 டாங் வரை. பயந்துவிடாதீர்கள், நம் பணத்தில் 50 ரூபாயிலிருந்து 85 ரூபாய்க்குள்தான். இதே ஊரில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப் உட்கார்ந்து சாப்பிட்டால் அதைப்போல இரண்டு பங்கு ஆகிவிடும். கட்டட வேலைக்குப் போகிறவரும் பேங்கில் வேலை பார்க்கிறவரும் ஒரே வண்டியில்தான் வாங்குகிறார்கள்.

அந்த வண்டி அம்மாவின் கை ஓடுவதை நீங்கள் பார்க்க வேண்டும், அத்தை. ரொட்டியைக் கரியடுப்பு மேல் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார். கீறின ரொட்டியின் ஒரு பக்கம் ஈரல் விழுது. மறுபக்கம், முட்டை மஞ்சள் கருவில் எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு அடித்த மஞ்சள் வெண்ணெய். அதற்குமேல் வாழையிலையில் கட்டி வேகவைத்த பன்றியிறைச்சிக் கட்டியை மெல்லிசாகச் சீவி வைப்பார். பிறகு நீளவாக்கில் ஒரு துண்டு வெள்ளரிக்காய், காடியிலும் சர்க்கரையிலும் ஊறிய முள்ளங்கியும் கேரட்டும், காம்போடு கொத்தமல்லி. மிளகாயைக் கத்தரிக்கோலாலேயே நறுக்கித் தூவி, சோயா சாஸ் ஒரு தெளிப்பு. தாளில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் முடிந்தது.

நான் பன்றி சாப்பிட மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். என் முறை வந்ததும் கத்தியை நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரலைத் தொடாமல், இரண்டு முட்டையைப் பொரித்து உள்ளே வைத்துத் தருவார். மஞ்சள் கரு பாதி வெந்திருக்கும். முள்ளங்கிப் புளிப்போடு அது கலக்கிற ருசிக்காகவே நான் சீக்கிரம் எழுகிறேன். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், நம் கணக்கில் அமாவாசையும் பௌர்ணமியும் வருகிற சமயம், இங்கே நிறையப் பேர் கவுச்சி சாப்பிட மாட்டார்கள். புத்த மத வழக்கம். அந்த நாட்களில் பல வண்டிகளில் டோஃபுவும் காளானும் வைத்த சைவ பான் மீ கிடைக்கும். நீங்கள் இங்கே வந்தால் பட்டினி கிடக்க மாட்டீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இனி ரொட்டி. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும். கையில் எடுத்தால் கனமே இருக்காது, உள்ளே பாதி காற்று. மேலோடு அத்தனை மெல்லிசு. ஒரு கடி கடித்தால் பொறுக்கு சிதறி மடியெல்லாம் விழும். அடுப்புக்குள் நீராவி விட்டுச் சுடுவதால் அந்த மேலோடு அப்படி அமைகிறது. ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு ஆயுசு சில மணி நேரம்தான். அப்புறம் இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் பேக்கரிக்காரர்கள் விடியலுக்கு முன் ஒரு தடவை சுட்டு, மத்தியானத்துக்கு மேல் மறுபடி சுடுகிறார்கள். வண்டிக்காரர்கள் அந்த வேளைக்கு விற்கிற அளவே வாங்குகிறார்கள். எங்கள் சந்து அம்மா ஒரு நாளும் ரொட்டி சுட்டதில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்கிறேன்.

வியட்நாமில் கோதுமை விளைவதில்லை, கப்பலில்தான் வருகிறது. 1859இல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். ரொட்டியும் அவர்களோடு வந்ததுதான். நெடுங்காலம் அது துரைமார் சாப்பாடாகவே இருந்தது. ரொட்டி ஒரு பக்கம், வெண்ணெயும் இறைச்சியும் இன்னொரு பக்கம் என்று தட்டில் வைத்துக் கத்தியும் முள்ளுமாகச் சாப்பிடுவார்கள். 1954இல் ஜெனீவா உடன்பாட்டில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி 1958இல் ஹ்வா மா என்ற கடையைத் திறந்தார்கள். கூலி வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிறவர்களுக்குத் தட்டின் முன் உட்கார ஏது நேரம்? எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே அடக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போதைய பான் மீக்கு வழிகாட்டியது அவர்கள்தான் என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். அந்தக் கடை 1960இலிருந்து காவ் தாங் தெருவில் இருக்கிறது, என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். சந்து ஓரத்தில் குட்டை முக்காலி போட்டு, சின்ன வாணலியில் பொரித்த முட்டையும் ரொட்டியும் வைக்கிறார்கள்.

துரை சாப்பாட்டைத் தெருவில் நிற்கிறவன் சாப்பாடாக மாற்றியது காசு இருந்தவர்கள் இல்லை, நேரம் இல்லாதவர்கள். எனக்கு அந்தத் தம்பதியை நினைத்தால் அத்தனை மரியாதை வருகிறது.

சாயங்காலம் அதே இடத்தில் வேறு வண்டி வந்து நிற்கும். நடைபாதையில் ஒரே இடத்தை வேளைக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், சண்டை கிடையாது. 2017இல் நகர நடுவில் அதிகாரிகள் நடைபாதைகளைக் காலி செய்யக் கிளம்பியபோது இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முனிசிபாலிட்டி லாரி சத்தம் கேட்டால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் நீங்கள்.

சாயங்கால வண்டியில் போ பியா என்று ஒரு சுருள். சீனாவின் தென்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. நடுவில் ஒரு சட்டியில், துருவிய வெள்ளைக் கிழங்கும் கேரட்டும் சிறு தீயில் வெந்துகொண்டே இருக்கும். அதோடு முட்டைப் பொரியல், உலர்ந்த பொடி இறால், இனிப்பான சீனக் கொத்துக்கறி வற்றல், துளசி வகைத் தழை எல்லாம் சேர்த்துச் சுருட்டித் தருவார்கள். வேர்க்கடலை தூவிய கெட்டி சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும். எனக்குக் கறி வற்றல் இல்லாமல் சுருட்டித் தருவார்கள். ஒன்று ஐயாயிரம் டாங்குக்கு அக்கம்பக்கம். மூன்று சாப்பிட்டால் ராத்திரி வரை பசிக்காது. இன்னொரு வகை கோய் கூன், அது பச்சைச் சுருள்: சேமியா, இறால், கீரை இலை. மேலே சுற்றுவது அரிசித் தாள். உங்கள் இலை வடாம் மாதிரிதான் அதையும் செய்கிறார்கள். அரிசியை ஊறவைத்து அரைத்து, கொதிக்கிற பானை வாயில் கட்டின துணி மேல் மெல்லிசாகத் தேய்த்து, வெந்ததும் எடுத்து மூங்கில் தட்டியில் காயவைப்பது. இந்த ஊருக்கு வடமேற்கே தை நின் மாகாணத்தில் திராங் பாங் என்ற இடத்தில், காய்ந்த தாளைச் சுட்டு, ராத்திரிப் பனியில் விரித்துப் பதப்படுத்துகிறார்கள். அதற்குத் தண்ணீரே தொட வேண்டாம், அப்படியே வளையும்.

இந்தப் பச்சைச் சுருளுக்கு அக்கா முறையான ஒன்றை நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறீர்கள். புதுச்சேரிக்குப் போகும்போது சையோ வாங்கித் தருவீர்களே, எண்ணெயில் பொரித்தது, அது இந்த ஊர்ப் பலகாரம்தான். பிரெஞ்சு ராணுவத்திலும் உத்தியோகத்திலும் சேர்ந்து இங்கே வந்த புதுச்சேரிக்காரர்கள் சிலர் வியட்நாம் பெண்களைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பெண்களின் கைவழியாக வந்தது அது. இங்கே திரூங் தின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம்மவர்கள் கட்டியது. இப்போது அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள். உங்கள் முட்டிக்காக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன்.

சுத்தம் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஈரல் விழுதும் வேகாத மஞ்சள் கருவும் இந்த வெயிலுக்கு ஆபத்து. 2024இல் டோங் நாய் மாகாணத்தில் ஒரே கடையின் பான் மீ சாப்பிட்டு 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதனால் கூட்டம் உள்ள நேரத்தில், சீக்கிரம் விற்றுத் தீர்கிற வண்டியில் மட்டும்தான் வாங்குகிறேன். சாயங்காலம் வரை மிச்சம் வைத்து விற்கிற இடத்தில் தொடுவதில்லை. நகர நடுவில் ஒரு பேர்போன கடை உண்டு. இறைச்சியை அடுக்கடுக்காகத் திணித்து மூன்று பங்கு விலை வைக்கிறார்கள். பெரிய வரிசை நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கறி கூடக் கூட முள்ளங்கியும் மல்லியும் காணாமல் போய்விடுகின்றன, ரொட்டியும் நசுங்கிவிடுகிறது.

அத்தை, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சந்து அம்மாவின் ரொட்டி பேக்கரியிலிருந்து வருகிறது. இறைச்சிக் கட்டி, அதையே தொழிலாகச் செய்கிறவர் வீட்டிலிருந்து. ஈரல் விழுது சந்தையிலிருந்து. அவர் வீட்டில் செய்வது முள்ளங்கி ஊறலும் அந்த மஞ்சள் வெண்ணெயும் மட்டும்தான். ஆனால் சந்துக்காரர்கள் வேறு வண்டிக்குப் போவதில்லை, ஏனென்றால் அந்த ஊறலின் பக்குவம் அவர் கைக்கு மட்டும் வரும். மற்றதெல்லாம் விலைக்கு வாங்கினாலும் ருசி அவருடையதாகவே இருக்கிறது. ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்.

நீங்களோ ராத்திரி மாவு ஆட்டி, மூன்று மணிக்கு எழுந்து சாம்பாருக்குப் பருப்பு வைத்து, இரண்டு சட்னி அரைத்து, வடைக்கு உளுந்து ஆட்டி, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுகிறீர்கள். மாவை வெளியில் வாங்கினால் கைப்பக்குவம் போய்விடும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். போகாது, அத்தை. கடலூரில் உங்கள் வண்டியைத் தேடி வருகிறவர்கள் சாம்பாருக்கும் அந்தக் காரச் சட்னிக்கும்தான் வருகிறார்கள். இட்லி மாவை அடுத்த தெருவில் கிரைண்டர் வைத்திருக்கும் அக்கா உங்களைவிட மோசமாக ஆட்டமாட்டார். அரிசியும் உளுந்தும் நீங்களே எடுத்துக்கொடுங்கள், என்ன பதம் என்று நின்று சொல்லிக்கொடுங்கள். ஆட்டுகிற வேலை மட்டும் அவருடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. மல்லாட்டைச் சட்னியை விட்டுவிடுங்கள். மிச்சப்படுகிறது என்று நீங்களே சொன்னீர்கள். ஒரே சட்னி, நிறைய ஊற்றுங்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

முதல் இரண்டு மாத ஆட்டுக்கூலியை நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். என்னைப் படிக்கவைத்தது அந்த வண்டி. அக்காவிடம் பேசிவிட்டு, கிலோவுக்கு என்ன கேட்கிறார் என்று எனக்குச் சொல்லுங்கள். மாவை நிறுக்கத் தராசு ஒன்று வாங்கிவைக்க அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் அண்ணன் மகள்