பத்துச் சென்டிமீட்டர் பாதை

சமநிலைக் கட்டையிலிருந்து நான் விழுந்த அன்று, ஈப்போவிலிருந்து வீடு வந்து சேரும்வரை அப்பா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

“மூன்று வருடமாகப் பயிற்சிக்குப் போகிறாய். இன்னமும் விழுகிறாயே, ஏன்?”

அப்போது எனக்குப் பதினான்கு வயது. பதில் சொல்லாமல் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட்டுக்கு அருகே, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறது. பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. அப்பா லோரி ஓட்டுநர். வேலை முடிந்து களைத்து வந்தாலும், வாரத்தில் மூன்று நாள் என்னை ஈப்போவுக்குச் சீருடற்பயிற்சிக்கு அழைத்துச் செல்வார். ஆனால், அந்த விளையாட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நானும் சொன்னதில்லை. இரண்டு வாரமாக என் கணுக்கால் வலித்ததையும் சொல்லவில்லை. சொன்னால் பயிற்சியையே நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

மறுநாள் மாலை, கார் நிறுத்தும் இடத்தில் வெண்கட்டியால் இரண்டு கோடுகள் போட்டேன். நீளம் ஐந்து மீட்டர். இடைவெளி பத்துச் சென்டிமீட்டர்.

“அப்பா, கோட்டை மிதிக்காமல் இதற்குள் நடந்து காட்டுங்கள்.”

சிரித்துக்கொண்டே தொடங்கியவர், நான்காவது அடியிலேயே தடுமாறினார்.

“சமநிலைக் கட்டையின் அகலம் இவ்வளவுதான் அப்பா. உயரம் 125 சென்டிமீட்டர். அதன்மேல்தான் நாங்கள் குதிக்கிறோம், கரணம் அடிக்கிறோம்.”

அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தரையில் அமர்ந்தார். “முன்பு நாடியா என்ற பெண் பத்துக்குப் பத்து வாங்கினாளாமே?” என்று கேட்டார்.

“அது 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில். 2006ஆம் ஆண்டில் முறையை மாற்றிவிட்டார்கள். செய்யும் அசைவுகளின் கடினத்துக்கு ஒரு புள்ளி. அவற்றைச் செம்மையாகச் செய்வதற்குப் பத்திலிருந்து இன்னொரு புள்ளி. இரண்டையும் கூட்டுவார்கள். சிறு பிழைக்கு 0.1, நடுத்தரப் பிழைக்கு 0.3, பெரும் பிழைக்கு 0.5, விழுந்தால் முழுதாக 1.0 கழியும்.”

“0.1 எல்லாம் ஒரு கணக்கா?”

“2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் தீபா கர்மாகர் நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் கைநழுவியது வெறும் 0.15 புள்ளியில்.”

அப்பா சற்று நேரம் யோசித்தார். “விழுந்த பிறகு நீ மறுபடியும் ஏறினாயே?”

“பத்து வினாடிக்குள் ஏறினால் தொடரலாம். போன புள்ளி போனதுதான். மீதியையாவது காப்பாற்ற வேண்டுமே!”

“நீ விழுந்தது மட்டும்தான் என் கண்ணில் பட்டது” என்றார் அப்பா மெதுவாக.

நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி பேசத் தொடங்கினார். “பால்மரம் சீவுவதும் இப்படித்தான், தம்பி. பால் நிறைய வரட்டும் என்று உளியை ஆழமாக வைத்தால் மரம் காயப்பட்டுவிடும். அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. இன்று சீவிய மரத்தை நாளைக்குத் தொட மாட்டோம். மரத்துக்கும் ஓய்வு வேண்டும்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “கண்ணு, உன் கால் எப்போதிருந்து வலிக்கிறது?”

நான் நொண்டுவதைப் பாட்டி எப்போதோ கவனித்திருக்கிறார்! அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்தது. அப்பா கோபப்படவில்லை. என் காலைத் தம் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

நான்கு வாரம் குதிக்கக் கூடாது என்றார் மருத்துவர். நான் பயந்தபடி அப்பா பயிற்சியை நிறுத்தவில்லை. தாமே பயிற்றுநரைச் சந்தித்து, காலுக்குச் சிரமம் தராத பயிற்சிகள் எவை என்று கேட்டறிந்தார். அதன்பின் காரிலேயே காத்திருக்காமல் மண்டபத்துக்குள் வந்து அமர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டுப் போட்டியில் நான் விழவில்லை. ஆறாவது இடம்தான் கிடைத்தது. காரில் ஏறியதும் அப்பா கேட்டார்: “திரும்பும்போது உன் கை ஒருமுறை ஆடியதே, அதை எப்படிச் சமாளித்தாய்?”

வீடு வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

இப்போது விடுமுறை நாள்களில் சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்க உதவுகிறேன். “என் பிள்ளை எப்போது பதக்கம் வாங்குவான்?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. நான் வெண்கட்டியை எடுத்துத் தரையில் இரண்டு கோடுகள் போடுவேன். “முதலில் நீங்கள் இதில் நடந்து பாருங்கள்” என்பேன்.