வேங்கிக்காலில் ஒரு ரஸாயன விசாரம்

திருவண்ணாமலைக்கு யாத்திரை செல்வோரில் பெரும்பாலோர் வேங்கிக்காலைக் கண்ணால் கண்டிருப்பார்கள். ஆனால் கவனித்திருக்க மாட்டார்கள். வேலூர்ச் சாலை வழியாக வருகிறவர்களுக்கு நகரத்தின் வாயிலைப்போல் அமைந்த ஊர் அது. அண்ணாமலையார் கோபுரத்தைக் காணும் ஆவலில் கண்கள் முன்னோக்கியே இருக்கும்போது, பக்கத்திலுள்ள ஏரியையும் வீடுகளையும் யார் பார்க்கிறார்கள்? எனினும் ஜில்லாவின் லௌகிக காரியங்களுக்கெல்லாம் தலைமை ஸ்தானம் இந்த ஊர்தான். 1989-ஆம் வருஷம் பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து திருவண்ணாமலை ஜில்லா பிரிந்தது. அதன் கலெக்டர் கச்சேரி இருப்பது வேங்கிக்காலில். பரலோகத்து விண்ணப்பங்களைக் கோயிலிலும், இகலோகத்து விண்ணப்பங்களைத் திங்கட்கிழமைதோறும் இந்தக் கச்சேரியிலும் செலுத்திவிட்டு ஜனங்கள் வீடு திரும்புகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் இளைஞர்களின் உள்ளம் எதை நாடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கச்சேரிக்குள் ஒரு நாற்காலி! அதற்கான பரீட்சைப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவர்களை நாம் பார்த்தோம். டீக்கடை ஒன்றில் நம்முடன் பேச்சுக் கொடுத்த பெரியவருக்கும் அதுவே கவலை. பக்கத்தில் அவருடைய பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"இவள் ரஸாயனத்தில் எம்.எஸ்ஸி. தேறியிருக்கிறாள், ஐயா. குரூப்-2 பரீட்சை எழுதம்மா என்கிறேன். ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். ஆராய்ச்சி செய்தவர்களெல்லாம் கடைசியில் என்ன ஆனார்கள் என்று யாராவது சொன்னால் தேவலை" என்றார் அவர்.

"விசாரித்த பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள், அப்பா. விசாரிக்காமலே சொல்லாதீர்கள்" என்றாள் பெண்.

நியாயமான வழக்குத்தான். ஆகவே நாமும் விசாரிக்கத் தொடங்கினோம்.

எதிரே மலை நிமிர்ந்து நிற்கிறது. அது கிருதயுகத்தில் நெருப்பாகவும், திரேதாயுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும் இருந்து, கலியுகத்தில் கல்லாக நிற்கிறது என்பது ஸ்தல ஐதிகம். ஒரே பொருள் வெவ்வேறு ரூபம் கொள்வதைப் பற்றிய சிந்தனை நம்மவருக்குப் புதியதல்ல என்று இதனால் தெரிகிறது. ஒரு பொருள் ஏன் கடினமாக இருக்கிறது, ஏன் ஒளி வீசுகிறது, ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று கேட்பதுதான் இன்றைய பொருளறிவியல்.

முதலில் நெருப்பைப் பார்ப்போம். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரையில் நெய் வார்த்துத் தீபம் ஏற்றுகிறார்கள். நெய்யிலுள்ள கரி முழுவதும் எரிந்து வாயுவாகிவிடுவதில்லை. எரியாமல் தப்பிய துகள்களே புகைக்கரியாகப் படிகின்றன. கொப்பரையில் சேரும் அந்த மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு, பக்தர்கள் தீப மையாகப் பெற்று நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். இந்தக் கரியின் நெருங்கிய உறவுதான் பென்ஸிலில் எழுதும் கிராபைட். அதன் அணுக்கள் ஏடுகளை அடுக்கியதுபோல் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஏட்டின் வழியே மின்சாரம் எளிதில் ஓடும். ஏடுகளுக்குக் குறுக்கே ஓடுவது மிகக் கடினம். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை 1939-இல் அளந்து வெளியிட்ட இருவரில் ஒருவர் நம் தமிழ்நாட்டவர், கே. எஸ். கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ரஸாயன டெமான்ஸ்டிரேட்டர் உத்தியோகம் பார்த்தார். மதிய வேளையில் அவர் நடத்திய விஞ்ஞானப் பேச்சைக் கேட்க மற்றக் கலாசாலை மாணவர்களும் வருவார்களாம். சென்னையிலேயே சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் 1920-இல் அதை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். பின்னர் ராமனுடன் சேர்ந்தார். 1928-இல் உலகப் புகழ் பெற்ற ராமன் விளைவைக் கண்ட ஆராய்ச்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வருஷமே டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்றார், 1933-இல் மீண்டும் கல்கத்தா, 1942-இல் அலகாபாத், 1947-இல் டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டர் பதவி. ஊர் ஊராக மாறியதுதான் அவருடைய உத்தியோக சரித்திரம். ஆனால் எந்த ஊரிலும் பளிங்குகளைப் பற்றிய கேள்வியை அவர் விட்டுவிடவில்லை.

இரண்டாவது, மாணிக்கம். மாணிக்கம் என்பது அலுமினிய ஆக்ஸைடு. அதில் கலந்துள்ள சிறிதளவு குரோமியமே அதற்குச் சிவப்பைத் தருகிறது. 1960-இல் உலகின் முதல் லேஸர் ஒளியை மாணிக்கப் பளிங்கிலிருந்துதான் பெற்றார்கள். அதற்கு முன்னரே, 1940 முதல் 1945 வரை, பெங்களூரில் ராமனுடைய ஆராய்ச்சிசாலையில் வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை ஆராய்ந்தார் அன்னா மணி. அவர் சென்னை மாகாணக் கலாசாலையில் பயின்றவர். ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டு, சென்னைச் சர்வகலாசாலைக்கு டாக்டர் பட்டத்துக்கான நூலையும் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் மூலையில் உட்கார்ந்து கண்ணீர் விடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று 1948-இல் திரும்பினார். அக்கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். 1976-இல் வானிலை இலாகாவின் துணை டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். அவருக்கு மறுக்கப்பட்ட காரணம் நம் டீக்கடைப் பெண்ணுக்கு இல்லை, அவள் எம்.எஸ்ஸி. தேறியவளல்லவா?

மாணிக்கத்துக்கு நிறம் கொடுக்கும் அதே குரோமியத்தின் உப்பைத்தான், அண்டை ஜில்லாக்களான வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பகுதிகளில் தோல் பதனிட உபயோகிக்கிறார்கள். அதன் கழிவு பாலாற்றைக் கெடுத்த கதை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு நீதிபதிகள் கையில். ஆனால் கழிவிலிருந்து குரோமியத்தை மீட்கும் வழி ரஸாயனிகள் கையில் அல்லவா இருக்கிறது? சென்னையில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சிசாலை இத்தகைய வேலையில் ஈடுபட்டு வந்திருக்கிறது. குடிதண்ணீர் நல்லதாக வேண்டும் என்று கலெக்டர் கச்சேரியில் ஒருவர் மனுக் கொடுத்தால், அந்த மனுவுக்கு முழுப் பதில் கச்சேரியில் மட்டும் கிடைத்துவிடாது.

மூன்றாவது, பொன். பெரியவருடைய கேள்விக்கு உயிர்நாடி இதுதான். ஆகவே கணக்கை மறைக்காமல் சொல்வோம். ஸி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.ஸி. நடத்தும் நெட் பரீட்சையில் உயர்ந்த இடம் பெறுவோருக்கு ஜூனியர் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, வேலை திருப்தியாக இருந்தால், 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து வருஷம் கிடைக்கலாம். தகப்பனார் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் படிப்பு அல்ல அது. ஆனால் பணம் சில மாதம் தாமதித்து வருவதுண்டு. ஆராய்ச்சி ஐந்து வருஷத்தில் முடியாமல் நீள்வதுண்டு. டாக்டர் பட்டத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று வருஷம் தற்காலிக ஆராய்ச்சியில், பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ, கழிக்க நேரும். நிலையான உத்தியோகங்கள் குறைவு, விரும்புவோர் அதிகம். மருந்து, சாயம், பாட்டரித் தொழிற்சாலைகளில் ஆராய்ச்சி வேலைகள் உண்டு என்றாலும், அவை வேங்கிக்காலுக்குத் தேடி வரமாட்டா. இத்தனையும் தெரிந்தபின் போகிறவர்கள் போகட்டும். தெரியாமல் போகிறவர்களே பாதி வழியில் மனமுடைகிறார்கள்.

பொன்னைச் சரியான வழியில் செலவழித்தவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்ரஸாயன ஆராய்ச்சிசாலை அமைவதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ஆம் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துருப்பிடிப்பதைத் தடுப்பது, உலோக முலாம் பூசுவது, பாட்டரிகள் செய்வது முதலியவை அங்கே ஆராயப்படுகின்றன. இன்று நம் சட்டைப் பையிலுள்ள டெலிபோனின் லித்தியம் பாட்டரியில் ஒரு முனையாக இருப்பது, கிருஷ்ணன் ஆராய்ந்த அதே கிராபைட்தான். அதன் ஏடுகளின் இடுக்கில் லித்தியம் புகுந்து வெளிப்படுவதால்தான் டெலிபோன் பேசுகிறது.

கடைசியாகக் கல். இந்த வட்டாரத்துக் கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது இருக்கிறது. அதை வெட்டியெடுக்கும் திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தபோது, சுற்றுக் கிராமத்தார் காடும் நீரும் போய்விடும் என்று எதிர்த்தார்கள். கல்லுக்குள் என்ன இருக்கிறது, அதை எடுத்தால் எது போகும் என்று இரண்டையும் அளந்து சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்களிலிருந்தே தோன்றினால் எவ்வளவு நன்மை!

பெரியவரிடம் நாம் கட்டளை எதுவும் இடவில்லை. ஒன்று மட்டும் சொன்னோம்: "நெட் பரீட்சை வருஷத்துக்கு இரு முறை நடக்கிறது, ஐயா. குரூப்-2 பரீட்சையையும் எழுதட்டும், இதையும் எழுதட்டும். எது முதலில் கதவைத் திறக்கிறதோ பார்ப்போம். ஆனால் இந்தக் கதவை நீங்களாக மூடிவிடாதீர்கள்."

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருஷந்தோறும் செப்டம்பர் 26-ஆம் தேதி ஸி.எஸ்.ஐ.ஆர். ஸ்தாபன தினம். அதையொட்டி அதன் ஆராய்ச்சிசாலைகள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். கார்த்திகைக்குக் குழந்தைகளை அண்ணாமலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்கள், ஒரு வருஷம் செப்டம்பரில் காரைக்குடிக்கோ சென்னைக்கோ அழைத்துப் போய் ஓர் ஆராய்ச்சிசாலையைக் காட்டுவார்களாக. எந்தப் பிள்ளையின் கண் அங்கே எந்தக் கருவியின் மேல் நிலைக்கும் என்பதை யார் அறிவார்?